தீவு நரிகளை நோயிலிருந்து காக்க எது சரி: தடுப்பூசியா, வேற்றுத் தீவு ரத்தமா?

மரபணுப் பன்மை வற்றிப்போன ஒரு விலங்குக் கூட்டத்தை நோயிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது? கானுயிர்ப் பாடம் படிக்கும் மாணவர்கள் இதைக் கேட்கும்போது பெரும்பாலும் கையோடு ஒரு பதிலையும் கொண்டுவருகிறார்கள்: "வேறு இடத்திலிருந்து நாலைந்து விலங்குகளைக் கொண்டுவந்து கலந்துவிட்டால் போதாதா?" சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் எடுத்தால் பிள்ளைகளுக்குக் குறை வரும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தப் பதில் உடனே சரியென்று படுகிறது. சில இடங்களில் அது சரியும்கூட. ஆனால் எல்லா இடத்துக்கும் அதையே மருந்தாக எழுதிக் கொடுப்பது ஆபத்து என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரே ஒரு விலங்கை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகளையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

## ஆறு தீவுகள், ஆறு நரிகள்

கலிஃபோர்னியாவின் தென்கரைக்கு அப்பால், பசிபிக் கடலில் சேனல் தீவுகள் என்று எட்டு இருக்கின்றன. அவற்றில் ஆறில் மட்டும் ஒரு சின்ன நரி வாழ்கிறது: சான் மிகுவேல், சாண்டா ரோசா, சாண்டா குரூஸ், சாண்டா கட்டலினா, சான் கிளெமெண்ட்டே, சான் நிக்கோலஸ். எடை ஒன்றிலிருந்து மூன்று கிலோ. ஏறத்தாழ வீட்டுப் பூனை அளவு. பெருநிலத்துச் சாம்பல் நரியின் வழிவந்தது, தீவுக்கு வந்த பிறகு உடல் குறுகியது. ஒவ்வொரு தீவிலும் இருப்பது தனித் துணையினம்.

2016இல் ஜாக்குலின் ராபின்சன், ராபர்ட் வேய்ன் முதலியோர் அடங்கிய ஆய்வுக் குழு இந்த நரிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து முடிவுகளை வெளியிட்டது. தாயிடமிருந்து வந்த மரபணுப் படியும் (நகலும்) தந்தையிடமிருந்து வந்த படியும் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்பதுதான் அளவுகோல். தீவு நரிகளில் இந்த வேறுபாடு பெருநில நரிகளைவிட 3 முதல் 84 மடங்கு வரை குறைவாக இருந்தது. கடைசி இடம் சான் நிக்கோலஸுக்கு. அங்குள்ள நரியின் மரபணுத் தொகுதியில் பெரும்பகுதியில் இரண்டு படிகளும் அச்சு அசலாக ஒன்றே. காட்டில் தானாக இனம் பெருக்கும் ஒரு விலங்கில் இவ்வளவு குறைந்த வேறுபாட்டை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பாடநூல் கணக்குப்படி இவை எப்போதோ அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. இதற்கு இரண்டு தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

ஒன்று 2004இல் வெளியானது. எம்எச்சி என்று ஒரு மரபணுக் குடும்பம் உண்டு. உடலுக்குள் புகுந்த கிருமியின் துண்டுகளை எடுத்து உயிரணுவின் மேற்பரப்பில் நிறுத்தி, "இதோ அந்நியன்" என்று நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் புரதங்களை உருவாக்குவது அதுதான். இந்த மரபணுக்களில் எத்தனை வகை இருக்கிறதோ, அத்தனை வகைக் கிருமிகளை அடையாளம் காண வாய்ப்பு. சான் நிக்கோலஸ் நரிகளின் மற்றப் பகுதிகளெல்லாம் வெறுமையாகக் கிடக்க, எம்எச்சி பகுதியில் மட்டும் வேறுபாடு தங்கியிருந்தது. பத்துக்கும் குறைவான நரிகளே மிஞ்சிய ஒரு நெருக்கடியை அந்தத் தீவு 10 முதல் 20 தலைமுறைகளுக்கு முன் கடந்திருக்கலாம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் இயற்கைத் தேர்வு இந்த ஒரு பகுதியை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

இரண்டாவது தடயம் 2018இல் வந்தது. நீண்ட காலமாகச் சிறு கூட்டமாகவே வாழ்ந்ததால், மிகக் கொடிய மரபுக் குறைகள் திரும்பத் திரும்ப வெளிப்பட்டு, அவற்றைச் சுமந்த நரிகளோடு சேர்ந்தே கழிந்துபோய்விட்டன. சின்னச் சின்னக் குறைகள் நிறையத் தங்கியிருக்கின்றன. ஆளைக் கொல்லும் குறைகள் குறைவு. இந்த ஒரு தகவல் பின்னால் நம் முடிவையே மாற்றப்போகிறது.

அப்புறம் நோய்க்கு வருவோம். 1998-99 வாக்கில் கட்டலினா தீவில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் நுழைந்தது. தீவில் இருந்தவை சுமார் 1,300 நரிகள். மிஞ்சியவை சுமார் 100. தீவின் இடுப்புபோல ஒடுங்கிய ஒரு நிலப்பகுதி குறுக்கே இருந்ததால் மேற்கு மூலையில் இருந்தவை தப்பின. கிழக்குப் பகுதி கிட்டத்தட்டக் காலியானது. படகில் ஒளிந்து வந்த ஒரு ரக்கூனோ, கூட்டிவரப்பட்ட நாயோ வைரஸைக் கொண்டுவந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். கட்டலினா நரிகளுக்கு சான் நிக்கோலஸ் நரிகளைவிட மரபணுப் பன்மை அதிகம். பேரழிவைச் சந்தித்தது கட்டலினா. பன்மை நிறைந்த பெருநிலச் சாம்பல் நரிகளும் டிஸ்டெம்பருக்கு எளிதில் பலியாகும் இனம்தான். தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் 1994இல் இதே வைரஸ் பரவியபோது சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செத்தது. அவை மரபணு வறுமைக்குப் பெயர்போனவை அல்ல. 2018இல் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்து, டிஸ்டெம்பர் உறுதியானபோது, அங்கே மரபணுப் பன்மை மிகக் குறைவு என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. வளமான கூட்டமும் விழுகிறது, வறிய கூட்டமும் விழுகிறது. வைரஸ் உள்ளே வந்துவிட்டதா, அதை முன்பே சந்தித்த உடல்கள் அங்கே இருக்கின்றனவா என்பவையே முதல் இரண்டு கேள்விகள். மரபணு அதற்கு அடுத்த வரிசையில் நிற்கிறது.

நிற்கிறது என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. பெரிங் கடலில் ரஷ்யாவின் மெத்னி தீவில் துருவ நரிகள் வாழ்கின்றன. 1970களில் காதுச் சிற்றுண்ணி பரவிக் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கூட்டத்தின் 85 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. பின்னால் சோதித்தபோது அவற்றின் எம்எச்சி வகைகள் மிகவும் ஒடுங்கிப்போயிருந்தது தெரிந்தது. கூடவே, கடல் உணவு வழியே உடலில் சேர்ந்த பாதரசமும் சந்தேகத்துக்கு உள்ளானது. சான் நிக்கோலஸ் எதைக் காப்பாற்றிக்கொண்டதோ, அதை மெத்னி பெருமளவு இழந்துவிட்டது. இந்த இரண்டு தீவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், "பன்மை குறைவு" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பது எனக்கு உறுதியானது. எந்தப் பகுதியில் குறைவு என்று கேட்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

நரிகளை இப்போது கொல்வது எது: வெளியிலிருந்து வந்த கிருமியா, பிறவிக் குறையா, வேட்டை விலங்கா? பலன் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்? தவறாகப் போனால் திரும்பிப் போக முடியுமா? அந்தந்தத் தீவு நரிக்கே உரிய தன்மை மிஞ்சுமா? ஆண்டுதோறும் எவ்வளவு கைவேலை, யார் செய்வது?

மூன்றாவது கேள்விக்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். சில நூறு விலங்குகள் மட்டுமே உள்ள கூட்டத்தில் சோதனை செய்து பார்த்துப் பாடம் கற்கும் வசதி நமக்கு இல்லை.

## முதல் வழி: கரையிலேயே தடுப்பது

நாய் வரக்கூடாது. படகில் எலியும் ரக்கூனும் ஒளிந்து வரக்கூடாது. வடக்குத் தீவுகள் (சான் மிகுவேல், சாண்டா ரோசா, சாண்டா குரூஸ்) தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. சான் நிக்கோலஸும் சான் கிளெமெண்ட்டேயும் அமெரிக்கக் கடற்படையின் கையில் இருப்பதால் யார் வருகிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்துவது எளிது. கட்டலினாவில் ஆவலான் என்ற ஊரே இருக்கிறது. குடியிருப்பவர்கள், அவர்கள் வளர்க்கும் நாய்கள், வந்துபோகும் சுற்றுலாப் பயணிகள், நங்கூரமிடும் தனியார் படகுகள் என்று வாசல்கள் ஏராளம்.

இந்த வழியில் எதுவும் கெட்டுப்போவதற்கில்லை; நரியின் மேல் கைகூடப் படுவதில்லை. மறைந்திருக்கும் செலவு மனித உறவில் இருக்கிறது. தீவில் பிறந்து வளர்ந்தவரிடம் "உங்கள் நாய்க்குத் தடுப்பூசிச் சான்று எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாண்டுகள் எதுவும் நடக்காவிட்டால் கேட்பவருக்கே சலித்துவிடும். அப்படிச் சலித்த ஒரு நாளில் ஒரு படகு வந்தால் போதும்.

ஆட்கள் வரத்து குறைவான, ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் தீவுக்கு இது முதல் தேர்வு. கட்டலினா போன்ற இடத்துக்கு இது தேவைதான், ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது.

## இரண்டாம் வழி: தடுப்பூசி

நரிக்குத் தடுப்பூசி என்றதும் பலருக்கு ஐரோப்பா நினைவுக்கு வரும். 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித்தலைக்குள் வெறிநோய்த் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். செந்நரிகள் தின்றன, நோய் பள்ளத்தாக்கில் மேலேறாமல் நின்றது. அந்த வேலை பல நாடுகளுக்குப் பரவி, சுவிட்சர்லாந்து 1999இலும் பிரான்ஸ் 2001இலும் ஜெர்மனி 2008இலும் நரி வழி வெறிநோயிலிருந்து விடுபட்டன. பிடிக்காமலேயே மருந்து கொடுத்ததுதான் அதன் வெற்றி.

தீவு நரிக்கு அந்த வசதி இல்லை. டிஸ்டெம்பர் மருந்து ஊசியாகத்தான் போக வேண்டும். அதனால் ஊசி போட வேண்டிய ஒவ்வொரு நரியையும் கூண்டுப் பொறி வைத்துப் பிடித்து, ஊசி போட்டு, அடையாளச் சில்லு பொருத்தி விட வேண்டும். குட்டிகள் ஆண்டுதோறும் பிறப்பதால் வேலையும் ஆண்டுதோறும் உண்டு.

எந்த மருந்து என்பதும் லேசான கேள்வி அல்ல. உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்யும் வழக்கமான நாய்த் தடுப்பூசி சில காட்டு விலங்குகளுக்கு எமனாகிவிடும். 1970களில் அமெரிக்காவில் பிடித்து வைத்திருந்த கருங்கால் ஃபெரெட்டுகளில் (கீரிபோல நீண்ட உடல் கொண்ட சிறு ஊனுண்ணிகள்) நான்கு, அவற்றைக் காக்கப் போட்ட அந்த ஊசியாலேயே டிஸ்டெம்பர் கண்டு செத்தன. உலகத்திலேயே அரிதான பாலூட்டிகளில் ஒன்று அது. அந்த அடி பட்ட பிறகுதான் வேறு வகை மருந்து தேடினார்கள். கட்டலினாவில் பயன்பட்டது, கேனரிப் பறவை அம்மை வைரஸைச் சுமைதூக்கியாக்கி டிஸ்டெம்பரின் சில துண்டுகளை மட்டும் ஏற்றிய மருந்து. முழு டிஸ்டெம்பர் வைரஸ் அதில் இல்லாததால் நோய் வர வழியில்லை. வளர்ப்பு ஃபெரெட்டுகளுக்காகத் தயாரான மருந்து அது. அந்தச் சிறு சந்தையை நம்பித்தான் இந்த நரிகளும் இருந்தன.

இதில் வெளியில் தெரியாத இரண்டு செலவுகள் உண்டு. எல்லா நரிக்கும் ஊசி போட்டுவிட்டால் ரத்தப் பரிசோதனை பயனற்றுப்போகும். எதிர்ப்புப் புரதம் இருப்பது ஊசியாலா, காட்டு வைரஸ் வந்துபோனதாலா என்று பிரித்தறிவது கடினம். அதனால் தீவுகளில் கையாளும் முறை வேறு: ஒரு பகுதி நரிகளுக்கு மட்டும் ஊசி, இன்னொரு பகுதிக்கு ஊசி போடாமல் ரேடியோ கழுத்துப்பட்டை. பட்டை போட்ட நரி அசையாமல் கிடந்தால் சமிக்ஞை மாறும். ஆட்கள் போய் உடலை எடுத்துச் சோதிப்பார்கள். வைரஸ் வந்திருந்தால் அவைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஊசி போட்டவை வித்துக் கூட்டமாக மிஞ்சும். மனதுக்குக் கஷ்டமான ஏற்பாடுதான். ஆனால் நேர்மையான ஏற்பாடு.

இரண்டாவது, ஊசி ஒரு வைரஸுக்குத்தான் காவல். சாண்டா ரோசாவில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி 2010இல் நரிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. டிஸ்டெம்பர் ஊசிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பலன்? கட்டலினாவில் ஊசியும், தீவுக்குள்ளேயே நடந்த குட்டி வளர்ப்பும், நரிகள் வற்றிப்போன கிழக்குப் பகுதிக்கு நரிகளை மாற்றியதும் சேர்ந்து, எண்ணிக்கையை 2010களின் நடுவில் 1,800ஐத் தாண்ட வைத்தன. ஒரு சொட்டு வேற்று ரத்தம் சேர்க்கவில்லை.

## மூன்றாம் வழி: பிடித்து வளர்த்துத் திருப்பி விடுவது

வடக்குத் தீவுகளின் கதை வேறு. அங்கே கொன்றது நோயே இல்லை. டிடிடி பூச்சிமருந்தால் வெண்தலைக் கழுகுகள் ஒழிந்தன. காட்டுப்பன்றிக் குட்டிகளைத் தின்ன வந்த பொன்னிறக் கழுகுகள் அந்த வெற்றிடத்தில் குடியேறி, நரிகளையும் தூக்கத் தொடங்கின. சான் மிகுவேலில் 15 நரிகள், சாண்டா ரோசாவில் 15 நரிகள் என்ற நிலை வந்தது. 1999 முதல் மிஞ்சியவற்றைப் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்தார்கள். பன்றிகளை அகற்றி, பொன்னிறக் கழுகுகளை உயிரோடு பிடித்துப் பெருநிலத்துக்கு அனுப்பி, வெண்தலைக் கழுகுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2004இல் அழியும் நிலைப் பட்டியலில் சேர்ந்த இந்த மூன்று துணையினங்களும் 2016இல் பட்டியலிலிருந்து நீங்கின. அமெரிக்காவின் அந்தச் சட்டத்தின் கீழ் இவ்வளவு வேகமாக மீண்ட பாலூட்டி வேறில்லை.

விலை என்னவென்றால், 15 நரிகளிலிருந்து எழுந்த கூட்டத்துக்கு 15 நரிகளின் மரபணுதான் இருக்கும். எண்ணிக்கை ஆயிரமானாலும் இழந்த வகைகள் திரும்பி வராது. கூண்டில் ஒன்றாக அடைத்த இணைகள் கடித்துக் குதறிக்கொள்வதும் உண்டு. நோய்ப் பார்வையில் இன்னொரு அபாயம்: எல்லா நரிகளும் ஒரே இடத்தில் இருக்கும்போது ஒரு கிருமி புகுந்தால் எல்லாம் போச்சு. எனவே, கொல்லும் காரணம் இன்னும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது, காட்டில் விட்டால் ஆண்டுக்குள் அழிந்துவிடும் என்ற நிலையில் மட்டுமே இந்த வழி. அதற்கு முன் வேண்டாம்.

## நான்காம் வழி: வேற்றுத் தீவு ரத்தம்

இதற்குச் சாட்சியமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஃபுளோரிடாவின் பூமாக்கள் (அங்கே பாந்தர் என்று அழைக்கப்படும் பெரும்பூனைகள்) 20-30 என்ற அளவுக்குச் சுருங்கி, வளைந்த வால், இதய ஓட்டை, இறங்காத விரை என்று பிறந்துகொண்டிருந்தன. 1995இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களை விட்டார்கள். குறைகள் குறைந்தன, எண்ணிக்கை பல மடங்கானது. நரியிலேயே உதாரணம் வேண்டுமென்றால் சுவீடன்: ஹெலாக்ஸ் மலைப்பகுதியின் துருவ நரிக் கூட்டம் ஐந்தே நரிகளிலிருந்து தொடங்கியது. 2010இல் நார்வேயின் வளர்ப்புத் திட்டத்தில் பிறந்து விடப்பட்ட மூன்று ஆண் நரிகள் தாமாகவே நடந்து அங்கே சேர்ந்தன. அவற்றின் முதல் தலைமுறைக் குட்டிகள் உள்ளூர்க் குட்டிகளைவிட நன்றாகப் பிழைத்தன, கூட்டம் பெருகியது. ஆனால் அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்த லாபம் மங்கியது. மூன்று ஆண்களின் பிள்ளைகளே எங்கும் நிறைந்தால் மறுபடியும் சொந்தத்துக்குள்தானே இணை சேர வேண்டும்?

இந்த மங்கலின் கடுமையான வடிவம் அமெரிக்காவின் ஐல் ராயல் தீவு ஓநாய்கள். 1997இல் பனிப்பாலம் வழியே ஓர் ஆண் ஓநாய் வந்தது. வலுவானது, குட்டிகள் நிறைய. சில ஆண்டுகள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு அதன் வம்சமே தீவை நிரப்பியது. 2016 அளவில் தீவில் இரண்டே ஓநாய்கள், அவையும் நெருங்கிய ரத்த உறவு. பெரிய கூட்டத்தில் பிறந்த விலங்கு கொடிய குறைகளை மறைவாகச் சுமந்து வரும். இன்னொரு நல்ல படி மூடி மறைத்திருக்கும்வரை அவை வெளியே தெரியாது. சிறு தீவில் இறங்கி இரண்டு தலைமுறை கழிந்தால் மூடி திறந்துவிடும்.

மேலே சொன்ன 2018ஆம் ஆண்டுத் தகவல் இங்கேதான் வேலை செய்கிறது. தீவு நரிகள் பல ஆயிரம் ஆண்டுகளாக விலைகொடுத்துக் கழித்துவிட்ட கொடிய குறைகளை, பெருநிலச் சாம்பல் நரியைக் கொண்டுவந்து ஒரே நாளில் திருப்பி ஊற்றலாம். இன்னொரு தீவின் நரியைக் கொண்டுவந்தால் இந்த அபாயம் குறைவு, ஏனெனில் அதுவும் வடிகட்டப்பட்ட கூட்டம். ஆனால் அது தன் கிருமிகளையும் கூட்டிவரும். ஒரு தீவில் நரியும் ஒட்டுண்ணியும் சமாதானமாகிப்போயிருக்கலாம். அடுத்த தீவில் அந்தச் சமாதானம் இருக்காது. நோயைத் தடுக்கப் போய் நோயை இறக்குமதி செய்த கதையாகும்.

தீவின் தனித்தன்மையும் இருக்கிறது. 2016இல் வந்த மற்றோர் ஆய்வு, இவ்வளவு சிறிய கூட்டங்களிலும் தீவுக்குத் தீவு தகவமைப்பு வேறுபட்டதற்கான தடயங்களைக் கண்டது. தொலைவான இனத்தைக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்லோவாக்கியாவின் தத்ரா மலை ஆடுகள் பாடம். துருக்கியிலிருந்தும் சினாய்ப் பக்கமிருந்தும் உறவினங்களைக் கொண்டுவந்து கலந்தார்கள். கலப்பு ஆடுகள் பருவம் தவறி இணைசேர்ந்து, நடுக்குளிரில் குட்டி போட்டன. குட்டிகள் உறைந்தன, கூட்டமே முடிந்தது.

ஆக, பிறவிக் குறைகள் கண்ணுக்குத் தெரிய, குட்டிகள் பிழைக்காமல் போக, அதற்கு வேறு காரணம் இல்லை என்று அளந்து நிரூபித்த இடத்தில் கலப்பு உயிர் காக்கும். அங்கே தயங்குவதும் தவறு. வைரஸ் பயத்துக்காக மட்டும் கலப்பது மருந்து மாறிக் கொடுப்பது.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | கரையில் தடுப்பு | தடுப்பூசி | கூண்டு வளர்ப்பு | வேற்று ரத்தம் |
|---|---|---|---|---|
| எதற்கு மருந்து | வெளிக் கிருமி | குறிப்பிட்ட ஒரு வைரஸ் | உடனடி அழிவு | உட்கலப்பால் வந்த குறை |
| பலன் வேகம் | உடனே, ஆனால் கண்ணுக்குத் தெரியாது | வாரங்களில் | சில ஆண்டுகள் | ஒன்றிரண்டு தலைமுறை |
| நிறுத்தித் திரும்பலாமா | ஆம் | ஆம் | ஓரளவு | இல்லை |
| தனித்தன்மை | முழுதும் மிஞ்சும் | முழுதும் மிஞ்சும் | சில வகைகள் இழப்பு | மாறிவிடும் |
| மறைந்த செலவு | சலிப்பு, மக்கள் எதிர்ப்பு | ஆண்டுதோறும் பிடிப்பு, மருந்துத் தட்டுப்பாட்டு அபாயம் | ஒரே இடத்தில் குவிதல் | கிருமியும் மறை குறையும் கூடவே வருதல் |

"நிறுத்தித் திரும்பலாமா" என்ற வரிசையை மட்டும் இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன். ஊசியை அடுத்த ஆண்டே நிறுத்தலாம். கலந்த ரத்தத்தை யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

## எந்தக் கட்டத்திலும் அடங்காத காதுக் கட்டி

அட்டவணை சுத்தமாக இருப்பதால் ஏமாந்துவிடக்கூடாது. கட்டலினா நரிகளுக்குக் காதுக்குள் புற்றுக்கட்டி வருகிறது. 2001-2008 காலத்தில் பிடித்துப் பார்த்த, நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன நரிகளில் ஏறத்தாழ பாதிக்குக் கட்டி இருந்தது. கிட்டத்தட்ட எல்லா நரிக் காதிலும் சிற்றுண்ணி. மரபணுதான் காரணம் என்று ஊகிக்கத் தோன்றும். சிற்றுண்ணி உள்ள மற்றத் தீவுகளில் கட்டி இந்த அளவுக்குத் தெரியவில்லை என்பதால், உடலின் எதிர்வினையில் ஏதோ ஒரு பரம்பரைக் கூறு இருக்கலாம் என்பது நியாயமான சந்தேகம். ஆனால் மருத்துவர்கள் முதலில் கைவைத்தது சிற்றுண்ணியில்தான். காதில் மருந்து விட்டார்கள். ஆறு மாதச் சோதனையில், மருந்து விட்ட நரிகளில் சிற்றுண்ணி 98 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறங்கியது. தீவு முழுக்கத் தொடர்ந்தபோது கட்டிகளும் குறைந்தன. சிற்றுண்ணி காதை ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கிக்கொண்டே இருந்ததுதான் கட்டிக்கு வழி திறந்திருக்கிறது. பரம்பரைச் சாய்வு இருந்தாலும், கைக்கு எட்டும் காரணத்தை முதலில் நீக்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் அறியேன். தடுப்பூசிக்காக நரியைப் பிடிக்கும் அதே நேரத்தில் செய்யக்கூடிய வேலை என்பது கூடுதல் லாபம்.

## சான் நிக்கோலஸ் என் கையில் இருந்தால்

கலக்க மாட்டேன். இப்போதைக்கு.

முதல் வழியைக் கண்டிப்போடு வைத்துக்கொண்டு, இரண்டாம் வழியை அதன் மேல் ஏற்றுவேன். ஊசி போட்ட வித்துக் கூட்டம் ஒன்று, ஊசி போடாமல் பட்டை கட்டிய காவல் கூட்டம் ஒன்று. பிடிக்கும்போதெல்லாம் எடை, பல், காது, பால் சுரப்பு, குட்டிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பதிவேன். மழை பொய்த்த ஆண்டில் குட்டி குறைவது வேறு. நல்ல மழை ஆண்டிலும் குட்டிகள் தொடர்ந்து பிழைக்காமல் போவது வேறு. இரண்டாவது நடந்தால், பிறவிக் குறைகள் பிடிபட்டால், அல்லது எம்எச்சி பகுதியிலும் வேறுபாடு கரைவது அடுத்தடுத்த மாதிரிகளில் தெரிந்தால், அன்றைக்கு நான்காம் வழிக்கு வருவேன். வந்தாலும் பெருநிலத்திலிருந்து அல்ல. இன்னொரு தெற்குத் தீவிலிருந்து, கிருமிச் சோதனையும் தனிமைப்படுத்தலும் முடிந்த மிகச் சில நரிகளை, முதலில் கூண்டுக்குள் மட்டும். குட்டிகளின் குட்டிகளையும் பார்த்த பிறகுதான் காட்டைப் பற்றிப் பேச்சு.

இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. ஊசி போடப் பிடிக்கிற ஒவ்வொரு நரியின் காது நுனியிலிருந்தும் ஒரு துளித் தோலை எடுத்து, உயிரணுக்களைத் திரவ நைட்ரஜனில் சேமிப்பது. 1988இல் செத்த வில்லா என்ற கருங்கால் ஃபெரெட்டின் உயிரணுக்களை சான் டியேகோ விலங்குக்காட்சிச் சாலையின் உறைகிடங்கு வைத்திருந்தது. அவற்றிலிருந்து குளோனிங் முறையில் 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் என்ற குட்டி பிறந்தது. உயிரோடிருந்த ஃபெரெட்டுகள் எல்லாம் ஏழே மூதாதைகளின் வழிவந்தவை; வில்லாவின் வம்சம் அவற்றில் இல்லை. சான் நிக்கோலஸ் நரிக்கு என்றாவது ரத்தம் சேர்க்க வேண்டி வந்தால், அதே தீவின் பழைய நரிகளிடமிருந்தே அதை எடுக்க இந்தச் சேமிப்பு ஒன்றுதான் வழி. பொறி வைத்து, பிடித்து, கையில் வைத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் இதற்கு ஆகும் கூடுதல் வேலை மிகக் குறைவு. செத்துப்போன நரியிடம் அதை வாங்க முடியாது.